இவர் என் மாமா அல்லர்

"இதுல எது சரி? மூணும் சரியாத்தானே இருக்கு?"

கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த கவுன்ட்டரம்மா தனக்குத்தானே கேட்டுக்கொண்ட கேள்வி இது. தடுப்புக்கு அந்தப் பக்கம் நின்றவர் தன்னைத்தான் கேட்கிறாள் என்று நினைத்துவிட்டார். குழந்தையின் பிறப்புச் சான்றிதழைத் திருத்த வந்தவர் அவர்.

"மூணும் தப்புங்க. என் பேரு, என் சம்சாரம் பேரு, குழந்தை பேரு. மூணுமே தப்பு" என்றார் பாவம்.

"ஐயோ, உங்களைக் கேக்கலைங்க" என்று அவள் மடியிலிருந்த மாதிரி வினாத்தாள் புத்தகத்தை மூடினாள்.

பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகத்தின் கவுன்ட்டர் அது. அந்தக் கண்ணாடியில் ஓட்டை போட்ட புண்ணியவான் மனிதர்களைப் பார்த்ததே இல்லை போலிருக்கிறது. நிற்பவரின் வயிற்றுக்கு நேராகவும், உட்கார்ந்திருப்பவளின் தாடைக்குக் கீழேயும் போட்டு வைத்திருந்தான். வந்தவர் சொல்வது காதில் விழ வேண்டுமானால் அவள் குனிய வேண்டும். குனிந்தால் வந்தவர் அவளுடைய உச்சி வகிட்டோடு பேச வேண்டும். வருஷக்கணக்காகக் குனிந்து குனிந்து அவளுக்குக் கழுத்து ஒரு பக்கமாகவே திரும்பும்படி ஆகிவிட்டது.

இதற்கு ஒரே விமோசனம் துறைத் தேர்வு. தேறினால் மேல்நிலை எழுத்தர். உள்ளறை, ஜன்னல், முதுகு உடையாத நாற்காலி. தேறாவிட்டால் ஓய்வு பெறுகிற வரைக்கும் இந்த ஓட்டைதான். ஏனென்றால் விதிப்படி அவளுக்கு இதுதான் கடைசி வாய்ப்பு. போன தடவை ஒரே ஒரு மதிப்பெண்ணில் கவிழ்ந்தாள். கவிழ்த்தது மொழிப் பகுதி. அதிலும் இந்த வாக்கியங்களைக் கொடுத்து, ஒன்றைத் தேர்ந்தெடு என்று உயிரை வாங்குகிற பகுதி.

மற்றக் கேள்விகளோடு அவள் ஒரு மாதிரி சமாதானம் ஆகிவிட்டாள். இந்த ஒன்றுதான் தொண்டையில் சிக்கிய முள்ளாக நின்றது:

பிழையுற்ற வாக்கியத்தைத் தேர்ந்தெடுக்க:
அ) இது என் குடை அன்று.
ஆ) இவை என் குடைகள் அல்ல.
இ) இவன் என் தம்பி அல்லள்.
ஈ) இவர் என் மாமா அல்லர்.

புத்தகத்தில் விடைகள் கிடையாது. விடையைப் போட்டால் பக்கம் கூடிவிடும் என்று விட்டுவிட்டார்களோ என்னவோ. தேர்வில் பழைய கேள்விகள் அப்படியே வரும் என்று மட்டும் ஊருக்கே தெரியும்.

உணவு இடைவேளையில் அவள் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு கண்காணிப்பாளரிடம் போனாள். அங்கேதான் பிடித்தது சனி.

கண்காணிப்பாளருக்கு அலுவலகத்தில் 'ஒற்று சார்' என்று பெயர். எந்தக் கோப்பு போனாலும் விஷயத்தைப் பார்க்கமாட்டார். எங்கே 'க்' விட்டுப்போயிருக்கிறது, எங்கே 'த்' விட்டுப்போயிருக்கிறது என்று சிவப்பு மையால் செருகித் திருப்பி அனுப்புவார். செத்தவருடைய சான்றிதழ்கூட ஒற்றுக்காக அவர் மேஜையில் காத்துக் கிடக்கும். அவளுடைய பணிக் குறிப்பை எழுதுகிறவரும் அவர்தான்.

நாலு வாக்கியங்களையும் அவள் படித்துக் காட்டினாள்.

"இதுல என்னம்மா யோசனை? குடை அஃறிணை. ஒருமை. அதனால 'அன்று'. கண்ணை மூடிக்கிட்டு 'அ' போடுங்க."

"அப்ப 'ஆ' சார்? பன்மைக்கு 'அல்ல' சரிதானே?"

"இலக்கணம் சரி. அர்த்தம் சரியில்ல. ஒரு மனுஷனுக்கு எதுக்கும்மா அத்தனை குடை? தலை ஒண்ணுதானே?"

"'ஈ' சார்?"

"மாமா இல்லைன்னு மறுக்கறவன் அவ்வளவு மரியாதையாவா மறுப்பான்? நம்பற மாதிரி இல்லையே."

"அப்ப 'இ'…"

ஒற்று சார் நாற்காலியே ஆடும்படி சிரித்தார். "தம்பிக்கு 'அல்லள்'ளா! அதைப் போடறவங்க எழுத்தராவே இருக்கக் கூடாதும்மா. அன்னிக்கே வீட்டுக்கு அனுப்பிடணும்."

அப்பாடா, தீர்ந்தது தொல்லை என்று அவள் வீட்டுக்கு வந்தாள். வந்தவள் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். கணவனிடம் சொன்னாள்.

அவன் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருப்பவன். நாள் முழுக்க வருகிறவர்களிடம் கீழ் வரிசையைப் படிங்க, இன்னும் கீழ் வரிசையைப் படிங்க என்று சொல்லிச் சொல்லி, வீட்டிலும் அதே அதிகாரத்தில்தான் பேசுவான்.

"உங்க சார் சொன்னா வேதவாக்கா? 'இது என் குடை அன்று'ன்னா என்ன அர்த்தம்? அன்னிக்கு என் குடை. இன்னிக்கு எவனோ தூக்கிட்டுப் போயிட்டான். இப்படி எவனாவது பேசுவானா?"

"இலக்கணம்னு ஒண்ணு இருக்குங்க…"

"வாயில வர்றதுதான் தமிழ். வாயில 'அல்ல'தான் வருது. 'ஆ' போடு. கட்டின புருஷன் இருக்கும்போது ஆபீஸ்ல போய் ஏன் கேக்கற?"

கடைசி வரிதான் உண்மையான வருத்தம் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. பேசாமல் பாத்திரம் கழுவப் போனாள். கழுவிக்கொண்டே நாலு வாக்கியங்களையும் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தாள். எது நாக்கில் உறுத்துகிறதோ அதைக் கழித்துவிடலாம் என்று நினைப்பு.

"இவர் என் மாமா அல்லர். இவர் என் மாமா அல்லர். இவர் என்… மாமா… அல்லர்."

தண்ணீர் குடிக்க வந்த மாமனார் வாசலிலேயே நின்றுவிட்டார். வந்த வழியே திரும்பிப் போனார். அவள் கை துடைத்துக்கொண்டு வெளியே வந்தபோது அவர் மகளுக்குத் தொலைபேசியில் சொல்லிக்கொண்டிருந்தார்: "ஒண்ணுமில்லம்மா. உங்க வீட்டுல ஒரு ஓரமா எனக்கு இடம் இருக்குமான்னு கேக்கத்தான்…"

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"மாமா! அது கேள்வி மாமா!"

"நான் கேள்வியா ஆயிட்டேனாம்மா?"

"ஐயோ, பரிட்சைக் கேள்வி! இங்க பாருங்க!"

கெஞ்சிக் கூத்தாடிப் புத்தகத்தை அவர் கையில் திணித்தாள். அவர் பத்திரிகை அலுவலகத்தில் அச்சுப் பிழை திருத்துகிற வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் விரல் நேரே நாலாவது வாக்கியத்தில் போய் நின்றது. முகம் மெல்ல மலர்ந்தது.

"'ஈ'தாம்மா சரி. உயர்திணை, மரியாதை, எல்லாம் பொருந்தி வருது. மத்ததெல்லாம் வெறும் குடை. ஆயுசு பூரா பிழை திருத்தினவன் சொல்றேன், என் கண்ணுக்குத் தப்பி ஒரு எழுத்து போகாது."

"சரி மாமா."

"சரின்னா? 'ஈ' போடுவியா மாட்டியா?"

"போடறேன் மாமா" என்றாள். பின்னே என்ன சொல்வாள்? அவர் துணி அடுக்க எடுத்த பெட்டி கட்டில் மேல் திறந்தே கிடந்தது.

மறுநாள் அவளுக்கு ஒரு யோசனை வந்தது. பெரியவர்கள் தங்களுக்குள் பேசி ஒரு முடிவுக்கு வரட்டுமே, நமக்கு ஏன் வம்பு? ஒற்று சாரையும் கணவனையும் தொலைபேசியில் பேசவிட்டாள். அவர்கள் பேசினார்கள். பேசினார்கள் என்றால், அவள் காதைப் பொத்திக்கொள்ளும் அளவுக்குப் பேசினார்கள்.

"ஒரு குடைக்குக் கணக்கு தெரியாதவருக்கு ஒன்பது குடை கேக்குதோ?" என்றார் ஒற்று சார்.

"அன்னிக்கு, இன்னிக்குன்னு வித்தியாசம் தெரியாதவரெல்லாம் அதிகாரி!" என்றான் கணவன்.

ஒற்று சாருக்குத் தன்மானப் பிரச்சினை ஆகிவிட்டது. நாலு வாக்கியங்களையும் அலுவலக அறிவிப்புப் பலகையில் பெரிய எழுத்தில் எழுதி வைத்து, ஆளாளுக்கு விடை சொல்லச் சொன்னார். அவ்வளவுதான், அலுவலகம் மூன்றாக உடைந்தது. தட்டச்சுப் பிரிவு மொத்தமும் 'அ'. பதிவறை 'ஆ'. கணக்குப் பிரிவு 'ஈ'. நேற்றுவரை ஒரே டிபன் டப்பாவில் கைவிட்டுச் சாப்பிட்டவர்கள் தள்ளித் தள்ளி உட்கார்ந்தார்கள். மூன்று கட்சியும் ஒத்துப்போன ஒரே விஷயம், 'இ' படுமுட்டாள்தனம் என்பதுதான்.

நடுவில் இவள் மூளை குழம்பிப்போனது. சான்றிதழ் வாங்க வந்த ஒருவரிடம் விண்ணப்பத்தைக் காட்டி, "இது உங்க கையெழுத்துதானே?" என்று கேட்டாள்.

"அல்ல மேடம்" என்றார் அவர், அரசாங்க அலுவலகம் என்று கொஞ்சம் தூய தமிழில்.

"அன்று" என்று இவள் பழக்கதோஷத்தில் திருத்தினாள்.

"அன்னிக்கும் நான் போடல மேடம்."

"நான் அதைச் சொல்லல. 'அன்று'ன்னு சொல்லணும்னேன்."

"போடாத கையெழுத்தைப் போட்டேன்னு சொல்லச் சொல்றீங்களா?" என்று அவர் குரலை உயர்த்தினார். வரிசை நெருங்கி வந்தது. போலிக் கையெழுத்தாம், கவுன்ட்டர்க்காரி உடந்தையாம் என்று பின்னாலிருந்து ஒரு குரல் கிளம்பியது. சத்தம் கேட்டு வந்த ஒற்று சார் விஷயத்தை விசாரித்தார். 'அன்று' என்று அவள் திருத்தியது சரிதான் என்பதால் மனதுக்குள் மகிழ்ந்தார். பணியில் கவனக்குறைவு என்பதால் விளக்கம் கேட்டு ஒரு குறிப்பாணையும் கொடுத்தார்.

இனிமேல் வாதமே வேண்டாம் என்று அன்றைக்கு முடிவு கட்டினாள். ஒற்று சாரிடம் தனியாகப் போய், "நீங்க சொன்னதுதான் சார் சரி, 'அ'தான் போடப்போறேன்" என்றாள். கணவனிடம், "யோசிச்சுப் பார்த்தேங்க, 'ஆ'தான்" என்றாள். மாமனாரிடம் ஏற்கெனவே சொல்லியாகிவிட்டது. வீட்டில் சிரிப்பு வந்தது. அலுவலகத்தில் குறிப்பாணை கிழிந்தது. நிம்மதியாகத் தூங்கினாள்.

எத்தனை நாளைக்கு? ஒற்று சாருடைய மூக்குக் கண்ணாடியின் காது உடைகிற வரைக்கும்.

பக்கத்தில் இருந்த கடைக்குள் நுழைந்தார். அது அவளுடைய கணவன் கடை என்று அவருக்குத் தெரியாது. காதை முடுக்கிக்கொண்டே கடைக்காரன் பேச்சுக் கொடுத்தான். எந்த ஆபீஸ் என்றான். அவர் சொன்னார். என் சம்சாரமும் அங்கேதான் என்றான். ஓ, அந்தக் குடை ஆளா நீ என்றார் அவர்.

"உங்க சம்சாரமே என்கிட்ட 'அ'ன்னு ஒத்துக்கிட்டாங்களே!"

"என்கிட்ட 'ஆ'ன்னு சத்தியம் பண்ணினாளே!"

கடையைப் பூட்டிவிட்டு இரண்டு பேரும் நேரே வீட்டுக்கு வந்தார்கள். மாமனார் கதவைத் திறந்தார். விஷயத்தைக் கேட்டதும் அவர் முகம் சுண்டிப்போனது. "எனக்கு 'ஈ'ன்னு வாக்கு குடுத்தா" என்றார்.

மூன்று பேரும் நடுக்கூடத்தில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். வேலை முடிந்து வந்தவள் செருப்பைக் கழற்றவே பயந்தாள்.

"நாங்க ஒண்ணும் கோவிச்சுக்கல" என்றார் ஒற்று சார், அந்தக் குரலிலேயே எல்லாம் தெரிந்தது. "பரிட்சையில விடைத்தாளோட நகல் கையில குடுப்பாங்க இல்ல? அதைக் கொண்டாங்க. நீங்க யாரை நம்பறீங்கன்னு அதுல தெரிஞ்சுடும்."

தேர்வு நாளும் வந்தது. வினாத்தாளைப் பிரித்தாள். மொழிப் பகுதியில், நடுப்பக்கத்தில், அந்த நாலு வாக்கியங்களும் அப்படியே அவளைப் பார்த்துப் பல்லிளித்தன. படிக்க வேண்டிய அவசியமே இல்லை. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள்.

பேனாவை எடுத்தாள். 'அ' போட்டால் புருஷன் பேசமாட்டான், மாமா தன் மகள் வீட்டுக்குப் போய்விடுவார். 'ஆ' போட்டால் பணிக் குறிப்பில் மண். 'ஈ' போட்டால் கணவனும் அதிகாரியும் சேர்ந்தே பாய்வார்கள். படித்துத் தேறவேண்டியவள் அவள். கழுத்து வலி அவளுடையது. ஓட்டை அவளுடையது. இவர்களுக்கு என்ன வந்தது? ஆளுக்கொரு எழுத்தைப் பிடித்துக்கொண்டு அவள் உயிரை எடுக்கிறார்களே! அவளுக்கு வந்த ஆத்திரத்தில் கண்ணில் தண்ணீர் முட்டியது.

போங்கடா நீங்களும் உங்க குடையும் என்று, 'இ' வட்டத்தைத் தாள் கிழிகிற மாதிரி அழுத்திக் கறுப்பாக்கினாள்.

வெளியே வாசலிலேயே மூன்று பேரும் காத்திருந்தார்கள். நகலைப் பிடுங்கினார்கள். தேடினார்கள். கண்டுபிடித்தார்கள்.

"தம்பிக்கு 'அல்லள்'ளா?" என்றான் கணவன்.

"நான் அப்பவே சொன்னேனே, அதைப் போடறவங்க எழுத்தராவே…" என்று ஒற்று சார் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"'அ'வாவது போட்டிருக்கலாமேம்மா" என்றார் மாமனார். "அதுல கொஞ்சமாவது நியாயம் இருக்கு."

"சேச்சே, 'ஈ' போட்டிருந்தாக்கூட நான் ஒத்துக்கிட்டிருப்பேன்" என்றார் ஒற்று சார்.

இத்தனை நாள் எலியும் பூனையுமாக இருந்த மூன்று பேரும் இப்போது ஒரே பக்கம். எதிர்ப்பக்கத்தில் அவள் ஒருத்தி. வழிநெடுக அவளைத் திட்டிக்கொண்டே வந்தார்கள். ஒருவர் இளைப்பாறினால் அடுத்தவர் தொடர்ந்தார்.

அன்று சாயங்காலமே மூன்று பேரும் புத்தகங்களைப் பரப்பிவைத்து மற்ற விடைகளைச் சரிபார்த்தார்கள். கூட்டினார்கள். மறுபடி கூட்டினார்கள். தேர்ச்சிக்கு ஒரே ஒரு மதிப்பெண் குறைந்தது. இந்தத் தடவையும் அதே ஒன்று.

அவள் அழவில்லை. கழுத்தைத் தடவிக்கொண்டு சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். அதைப் பார்த்துத்தான் மூன்று பேருக்கும் முதல் தடவையாக நெஞ்சில் ஏதோ செய்தது.

"கேள்வியே தப்பும்மா" என்றார் ஒற்று சார் மெதுவாக. "சரியான விடை மூணு இருக்கு. மூணு விடை இருக்கற கேள்வியை ரத்து பண்ணி எல்லாருக்கும் மார்க் குடுக்கணும். அதுதான் விதி. மனு போடுவோம்."

மனு எழுத மூன்று பேரும் முட்டி மோதிக்கொண்டார்கள். வாக்கியம் மாமனாருடையது. கையெழுத்து கணவனுடையது. எல்லா 'க்'கும் 'ச்'சும் ஒற்று சார் உபயம். 'அ'வும் சரி, 'ஆ'வும் சரி, 'ஈ'யும் சரி என்று மூன்று பேரும் ஒருமனதாக ஒப்புக்கொண்டு கீழே கையெழுத்துப் போட்டார்கள். இதை முதலிலேயே ஒப்புக்கொண்டிருந்தால் என்னவாம் என்று அவளுக்கு வாய் வரை வந்தது. விழுங்கிக்கொண்டாள்.

தேர்வு அலுவலகத்திலும் ஒரு கவுன்ட்டர். அங்கேயும் கண்ணாடி, அங்கேயும் ஓட்டை. உள்ளே ஒரு பெண் ஊழியர் கழுத்தைச் சாய்த்துக் குனிந்து மனுவை வாங்கினார். அவரைப் பார்த்ததும் கவுன்ட்டரம்மாவுக்குத் தன் கழுத்து இன்னும் கொஞ்சம் வலித்தது.

"மேடம், இந்தக் கேள்வியால ஒரு திறமைசாலியோட வாழ்க்கையே போகுது" என்று ஒற்று சார் ஆரம்பித்தார்.

"ஆயுசு பூரா பிழை திருத்தினவன் சொல்றேன்…" என்று மாமனார் சேர்ந்துகொண்டார்.

"மூணு விடையும் சரி, எங்க வேணும்னாலும் வந்து நிரூபிப்போம்" என்று கணவன் கண்ணாடியைத் தட்டினான்.

அந்தப் பெண் வினாத்தாளை எடுத்தார். அளவுகோலை வரிக்குக் கீழே வைத்து, வாய்க்குள் முணுமுணுத்தபடி முதலிலிருந்து படித்தார். விடைத்தாள் நகலைப் பார்த்தார். மறுபடி வினாத்தாளைப் பார்த்தார். பிறகு, அந்த மூன்று பேரையும் தாண்டிக் கவுன்ட்டரம்மாவை நிமிர்ந்து பார்த்துவிட்டு, மனுவை ஓட்டை வழியாகவே திருப்பித் தள்ளினார்.

"மூணும் சரின்னு எங்களுக்கும் தெரியும் சார், அதனாலதான் 'பிழையற்ற'ன்னு போடாம 'பிழையுற்ற' வாக்கியம் எதுன்னு கேட்டோம், உங்க மூணு பேர் பேச்சையும் கேக்காம இந்தம்மா போட்டாங்க பாருங்க 'இ', அதுதான் விடை!"